தோல்வியுற்ற ‘அபராஜிதோ’ – ஒரு மறுமதிப்பீடு

வெற்றி பெற்ற ஒரு படைப்புக்குத் தொடர்ச்சி செய்வது எப்பொழுதும் இடர் நிறைந்த காரியம். முதற் படைப்பை இரசிகர்கள் தாமாகவே கண்டடைகின்றனர். இரண்டாவதைப் பார்க்க வரும்போதோ கையிலே ஓர் அளவுகோலையும் கொண்டு வருகின்றனர். முன்னர் எதை விரும்பினார்களோ அதையே மீண்டும் கேட்கின்றனர். அது கிடைக்காவிட்டால் ஏமாற்றம் என்கின்றனர். கிடைத்துவிட்டாலோ அரைத்த மாவையே அரைத்திருக்கிறார் என்கின்றனர். நாவலுக்கும் இந்த நிலை உண்டு. ஆயினும், நாவல் நூலகத் தட்டிலே தன் வாசகனுக்காகப் பல்லாண்டுகள் காத்திருக்க வல்லது. திரைப்படம் அப்படியன்று. முதற் சில வாரங்களிலே கூட்டம் சேரவில்லையெனின் படமாளிகையை விட்டுப் போய்விடும். அதன் மீது விழுந்த முதல் தீர்ப்பே கடைசித் தீர்ப்பாகவும் நின்றுவிடக் கூடும்.

அவ்வாறு முதல் தீர்ப்பிலே தோற்று, பின்னர் மெல்ல மெல்ல எழுந்து நின்ற ஒரு தொடர்ச்சிப் படத்தைப் பற்றியே இன்றைய உரையிலே பேச விரும்புகிறேன். வங்கத் திரைப்பட மேதை சத்யஜித் ரே 1956 ஆம் ஆண்டு தந்த ‘அபராஜிதோ’ என்பதே அப்படம். ‘அபராஜிதோ’ என்றால் வெல்லப்படாதவன் என்று பொருள். வெல்லப்படாதவன் என்ற பெயரைத் தாங்கி வந்த படம் தன் சொந்த ஊரிலேயே தோற்றுப்போனது ஒரு முரண்தான். அந்தத் தோல்வி ஏன் நேர்ந்தது, அதிலே நியாயம் எவ்வளவு, பின்னர் அந்த மதிப்பீடு எவ்வாறு மாறியது என்பனவே நாம் ஆராய வேண்டியவை.

முதலிலே அதன் மூத்த படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவல் 1929 இல் நூலாக வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக அவரே எழுதிய ‘அபராஜிதோ’ 1932 இல் வந்தது. முதல் நாவலைத் திரைப்படமாக்க முனைந்த ரே அப்பொழுது கல்கத்தாவிலே விளம்பர நிறுவனம் ஒன்றிற் பணிபுரிந்த ஓவியர். பணம் இன்றிப் பலமுறை நின்று நின்று தொடர்ந்த அந்தப் படப்பிடிப்பு, இறுதியில் மேற்கு வங்க அரசின் பண உதவியினாலேயே நிறைவெய்தியது. 1955 ஒகஸ்ட் 26 இல் கல்கத்தாவிலே திரையிடப்பட்டபோது தொடக்கத்திற் கூட்டம் குறைவாகவே இருந்தது. ஆனால், சில நாட்களிலேயே பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்ல, சொல்ல, நகரமே அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது. 1956 இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவிலே மிகச் சிறந்த மனித ஆவணம் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது.

அந்தப் படம் நிச்சிந்திபூர் என்ற கிராமத்துக் கதை. ஏழைப் புரோகிதர் ஹரிஹர், அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்க்கா, மகன் அபு, முதுகு வளைந்த ஒரு கிழவி. நாணற்பூக் காட்டினூடாக அக்காவும் தம்பியும் ஓடிச் சென்று புகையிரதத்தைப் பார்க்கும் காட்சியை அறியாத சினிமா இரசிகர் இல்லை எனலாம். மழையிலே நனைந்த துர்க்கா காய்ச்சல் கண்டு இறக்கிறாள். எஞ்சிய மூவரும் மாட்டுவண்டி ஏறிக் காசிக்குப் புறப்படுகின்றனர். படம் அத்துடன் முடிகிறது.

கதை முடிந்தது என்றே ரேயும் முதலில் எண்ணியிருந்தார். மூன்று படங்களாக எடுக்கும் திட்டம் அவரிடம் தொடக்கத்தில் இருக்கவில்லை. முதற் படத்தின் வெற்றியே அடுத்ததற்கு வழி திறந்தது. ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் கடைசிப் பகுதியையும் ‘அபராஜிதோ’ நாவலின் முற்பகுதியையும் இணைத்து அவர் திரைக்கதை எழுதினார். விபூதிபூஷண் 1950 இலேயே காலமாகிவிட்டார். தம் நாவல்கள் திரையிலே பெற்ற வாழ்வைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

‘அபராஜிதோ’வின் கதை 1920 இல் காசியிலே தொடங்குகிறது. ஹரிஹர் கங்கைப் படித்துறையில் அமர்ந்து புராணம் படித்துச் சம்பாதிக்கிறார். சிறுவன் அபு சந்துகளிலும் படித்துறைகளிலும் ஓடித் திரிகிறான். ஹரிஹர் நோயுற்று, வாயிலே கங்கை நீர் விழுந்த கணத்தில் உயிர் துறக்கிறார். கரையிலிருந்து புறாக்கூட்டம் ஒன்று விர்ரென்று எழுந்து வானிலே சுழல்கிறது. கணவனை இழந்த சர்வஜயா ஒரு செல்வர் வீட்டிலே சமையல் வேலைக்குச் சேர்கிறாள். தன் மகன் அந்த வீட்டின் ஏவலாளாக மாறி வருவதை ஒருநாள் அவள் காண்கிறாள். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால், அவள் முகம் தீர்மானித்துவிடுகிறது. உறவினரான முதியவர் ஒருவருடன் தாயும் மகனும் வங்கத்துக் கிராமம் ஒன்றுக்குத் திரும்புகின்றனர்.

அங்கே அபு புரோகிதத் தொழில் பழகுகிறான். ஆனால், அயலிலுள்ள பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதைக் கண்டதும் தானும் படிக்க வேண்டும் என்று தாயிடம் மன்றாடுகிறான். காலையிலே பூசை, பின்னர் பாடசாலை என்று இரண்டையும் செய்கிறான். பாடசாலை அதிபர் அவன் கூர்மையைக் கண்டு புத்தகங்களைக் கொடுக்கிறார். தொலைதேசப் பயணங்கள், விஞ்ஞானிகளின் வாழ்க்கை, வானியல் என்று அவனுக்கு முன் ஓர் உலகம் விரிகிறது. முற்றத்திலே நின்று தாய்க்குக் கிரகணத்தை விளக்குகிறான். ஆபிரிக்காக்காரனைப் போல வேடமிட்டுக் கத்திக்கொண்டு வயல்வெளியில் ஓடுகிறான். மாவட்டத்திலே இரண்டாவதாகத் தேறி மாதம் 10 ரூபாய் புலமைப்பரிசிலும் பெறுகிறான். மேற்படிப்புக்குக் கல்கத்தா போக வேண்டும் என்கிறான். தாய் மறுக்கிறாள்; வாக்குவாதத்தில் அவனை அறைந்தும் விடுகிறாள். பின்னர் தானே போய்ச் சமாதானம் செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள்.

கல்கத்தாவிலே இரவில் அச்சகத்தில் வேலை, பகலிற் கல்லூரி. விடுமுறைக்கு வீடு வரும்போது தாயின் பேச்சு அவனுக்குச் சலிப்பூட்டுகிறது. சர்வஜயா நோயுறுகிறாள். மகனின் பரீட்சை கெட்டுவிடும் என்று அவனுக்கு அறிவிக்க விடவில்லை. செய்தி கிடைத்து அவன் வந்து சேரும்போது வீடு வெறுமையாக இருக்கிறது. மரத்தடியில் அமர்ந்து அழுகிறான். பின்னர் எழுந்து மூட்டையைக் கட்டுகிறான். கிரியைகளை இங்கேயே செய்துவிட்டுப் புரோகிதனாக இருந்துவிடு என்று முதியவர் சொல்ல, கல்கத்தாவிலே காளிகட்டத்தில் செய்துகொள்வேன், பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கருமேகம் கவிந்த வானத்தின் கீழே நடந்து செல்கிறான். அவ்வளவுதான் படம்.

1956 ஒக்ரோபர் 11 இல் படம் வெளியாயிற்று. கல்கத்தா மக்கள் அதை வரவேற்கவில்லை. முதற் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே இரசிகர்கள் இதனால் ஏமாற்றமடைந்தனர். வசூலும் வீழ்ந்தது. அந்த ஏமாற்றத்தை வெறும் இரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அதற்குக் காரணங்கள் இருந்தன.

முதற் காரணம், மக்கள் நிச்சிந்திபூரையே மீண்டும் காண வந்தமை. குளமும் மூங்கிற் காடும் மிட்டாய்க்காரனும் மழையும் அவர்கள் மனத்தில் நிறைந்திருந்தன. நகரத்திற் குடியேறிய வங்காளியர் பலருக்கு அது இழந்த ஊரின் நினைவு. 1947 இல் நாடு பிரிந்த பின்னர் கிழக்கு வங்கத்தை விட்டு வந்து கல்கத்தாவில் நிறைந்திருந்தவர்களுக்கோ திரும்பிப் போக முடியாத ஊரின் நினைவு. இரண்டாவது படம் அந்த ஊரைக் காட்டவே இல்லை. கிராமத்தை விட்டுப் போக வேண்டும் என்று துடிக்கும் ஒருவனின் கதையையே அது சொன்னது.

இரண்டாவது காரணம், துர்க்கா இல்லாமை. முதற் படத்தின் உயிர்த்துடிப்பே அவள்தான். மாங்காய் திருடுபவளும் தம்பியை இழுத்துக்கொண்டு ஓடுபவளும் அவளே. அவள் இறந்த பின்னர் தொடங்கும் ஒரு படத்திலே அந்தக் குதூகலத்தை எங்கே தேடுவது?

மூன்றாவதே முக்கியமானது. தாயையும் மகனையும் இப்படம் காட்டிய முறையை அக்காலத்து மக்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையே இனிமையும் பக்தியும் மட்டுமே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு இது முரணாக இருந்தமையால் இரசிகர்கள், சிறப்பாக நகருக்கு வெளியே உள்ளவர்கள், அதிர்ச்சியுற்றனர் என ரேயே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வங்கம் அன்னை வழிபாட்டின் நிலம். துர்க்கா பூசையும் காளி பூசையும் அங்கே வெறும் சமயச் சடங்குகள் அல்ல, வாழ்க்கையின் அச்சு. 1882 இல் நூலாக வந்த பங்கிம் சந்திரரின் ‘ஆனந்தமடம்’ தேசத்தையே தாயாக்கிக் காட்டியது. அத்தகைய மண்ணிலே தாயைச் சலிப்புடன் பார்க்கும் மகனை, அவள் நோயுற்றுக் கிடக்கையிலே நகரத்தில் இருந்துகொண்ட மகனை, அவளுக்குரிய கிரியையைக்கூட அங்கே செய்யாமற் புறப்பட்டுப் போகும் மகனைக் கதாநாயகன் என்று காட்டினால் எப்படி இருக்கும்? மக்கள் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். இந்த முரண் ரே புகுத்தியது அன்று. அது நாவலிலேயே இருக்கிறது. தாய் இறந்த செய்தி அறிந்தபோது அபுவின் மனத்தில் முதலில் எழுந்தது துயரமன்று. ஒருவித விடுதலை உணர்வு என்று விபூதிபூஷண் எழுதுகிறார். அடுத்த கணமே அந்த உணர்வைக் கண்டு அபு தானே திகைக்கிறான். தாயை அவன் நேசிக்காதவன் அல்லன். ஆயினும், அந்த விடுதலை உணர்வும் பொய்யன்று. இந்த இடமே தம்மைப் படமெடுக்கத் தூண்டியது என ரே குறிப்பிட்டிருக்கிறார். நாவலை வாசித்து ஏற்றுக்கொண்ட சமூகம் திரையிலே அதனைக் கண்டு ஏற்க மறுத்தது. எழுத்திலே ஒரு வரியாகக் கடந்து போவது திரையிலே முகமாக நிற்கிறது. வரியைத் தாண்டிச் செல்லலாம். முகத்தைத் தாண்டிச் செல்ல முடியாது.

இப்பொழுது அந்தக் காட்சிகளையே எடுத்து நோக்குவோம். விடுமுறைக்கு வந்திருக்கும் மகனிடம் இரவிலே தாய் பேசிக்கொண்டிருக்கிறாள். நீ உழைக்கத் தொடங்கினால் என்னையும் உன்னுடன் வைத்துக்கொள்வாயா, எனக்குப் பெருநோய் ஒன்று வந்தால் வைத்தியம் செய்விப்பாயா என்று கேட்கிறாள். விடை இல்லை. திரும்பிப் பார்க்கிறாள். அவன் உறங்கிவிட்டான். இதிலே கொடுமை எதுவும் இல்லை. பகல் முழுதும் திரிந்த இளைஞன் உறங்குவது இயல்பு. ஆனால், அந்தக் கேள்வி விடையில்லாமலே நின்றுவிடுகிறது. படம் முடியும்வரை அதற்கு விடை வருவதில்லை.

இன்னொரு காட்சியில் மகன் புகையிரத நிலையம்வரை சென்று, வேண்டுமென்றே வண்டியைத் தவறவிட்டுத் திரும்பி வருகிறான். வண்டி தவறிப்போயிற்று என்று சொல்கிறான். தாயின் முகம் மலர்கிறது. அவனிடம் அன்பில்லை என்று சொன்னவர்கள் இக்காட்சியை மறந்துவிட்டனர். பின்னொரு விடுமுறையில் வீட்டுக்குப் போகாமல் இரண்டு ரூபாய் காசுக்கட்டளை அனுப்பிவிட்டு, அம்மாவைச் சமாளித்துவிட்டேன் என்று நண்பனிடம் சொல்வதும் அதே பிள்ளைதான். இரண்டும் ஒருவனிடமே இருக்கின்றன. நம்மில் எவரிடம் இல்லை?

சர்வஜயாவின் கடைசி மாலைப்பொழுது தனியே குறிப்பிடத்தக்கது. தூரத்திலே புகையிரதத்தின் ஓசை கேட்கிறது. மகன் அழைத்தது போலவும் கேட்கிறது. தட்டுத் தடுமாறி எழுந்து வாசலுக்கு வருகிறாள். எவரும் இல்லை. குளக்கரை இருளிலே மின்மினிகள் மட்டும் மினுங்குகின்றன. மின்மினியின் ஒளியைப் பதிவு செய்ய அக்காலத்துப் படச்சுருளுக்கு வலு இல்லை. ஆகவே, கறுப்புடை அணிந்த உதவியாளர்கள் சிறு மின்குமிழ்களையும் மின்கலங்களையும் கையிலே வைத்துக்கொண்டு இருளிலே நின்று அவற்றை மின்னச் செய்தனர் என்று ரே நினைவுகூர்ந்திருக்கிறார். இவ்வளவு எளிய உபாயத்தினால் இவ்வளவு பெருந்துயரைக் காட்ட முடிந்தது. அந்தத் துயருக்கு உயிர் கொடுத்தவர் சர்வஜயாவாக நடித்த கருணா பானர்ஜி. 1959 இல் பிரித்தானியத் திரைப்பட விருதுகளிலே சிறந்த பிறநாட்டு நடிகைக்கான பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

படங்கள் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு இன்னொன்றும் புலப்படும். முதற் படத்திலே புகையிரதம் குழந்தைகளின் அதிசயம். இரண்டாவதிலே அது தாயின் காத்திருப்பு. வாசலிலிருந்து பார்த்தால் தொலைவிலே வண்டி போவது தெரியும். மகனைக் கொண்டு போனதும் அதுவே. கொண்டு வர வேண்டியதும் அதுவே. மூன்றாவதான ‘அபுர் சன்சார்’ படத்திலே அது மனைவியை இழந்தவனின் காதைப் பிளக்கும் இரைச்சல். முதற் படத்தை மட்டும் மனத்தில் வைத்து இரண்டாவதைப் பார்த்தவர்கள் அந்த அதிசயத்தையே எதிர்பார்த்தனர். அந்த அதிசயத்துக்கு வாழ்க்கை கேட்கும் விலையை ரே காட்டினார்.

இதனால் இப்படம் குறையற்றது என்று சொல்வதற்கில்லை. மறுமதிப்பீடு என்பது வெள்ளையடிப்பு அன்று. நாவலிலே அபுவின் வாழ்விலே முக்கியமான பாத்திரமான லீலா படத்தில் இல்லை. பொருத்தமான நடிகை அமையாமையால் ரே அப்பாத்திரத்தைக் கைவிட நேர்ந்தது. இதனால் நகரம் அபுவை ஏன் இவ்வளவு ஈர்க்கிறது என்பதற்குப் படத்திலே போதிய விளக்கம் இல்லை. புத்தகமும் வகுப்பறையும் மட்டுமே அந்த ஈர்ப்பாக நிற்கின்றன. காசியிலே நிகழும் முற்பகுதி துண்டு துண்டாகச் செல்கிறது என்ற குறைபாட்டிலும் உண்மை உண்டு. சிறுவன் அபுவாக வரும் பினாகி சென்குப்தாவின் துறுதுறுப்பு, இளைஞன் அபுவாக வரும் ஸ்மரண் கோஷாலிடம் இல்லை என்று சொல்வோரும் உளர். ஆனால், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையிடம் உள்ள இறுக்கமும் வாய்பேசாமையும் அந்த முகத்திலே இயல்பாக இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கைவினை நோக்கிலும் இப்படம் ஒரு மைற்கல். காசி வீட்டின் உட்புறத்தைத் திறந்த வெளியிலே அமைக்க எண்ணியிருந்தவர்கள், மழைக்காலத்துக்கு அஞ்சிக் கல்கத்தா ஸ்ரூடியோவுக்குள்ளே அமைத்தனர். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அமைத்த அந்த முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதிற் பாய்ச்சித் தெறிக்கச் செய்தார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. நிழல் விழாத இயற்கைப் பகலொளி போன்ற ஒளி இதனாற் கிடைத்தது. இசையமைத்தவர் ரவிசங்கர். தாயும் மகனும் காசியிலிருந்து திரும்பும் வண்டியிலே, சன்னலுக்கு வெளியே வங்க மண் தெரியத் தொடங்கும் கணத்தில் முதற் படத்தின் குழலிசை மீண்டும் ஒலிக்கிறது. ஊரை நினைந்து ஏங்கிய இரசிகர்களுக்கு ரே கொடுத்தது அந்தச் சில விநாடிகளை மட்டுமே.

தோல்வியின் பின்னர் நடந்தது என்ன? 1957 இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் படம் சென்றது. பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளெயர் நடுவர் குழுவின் தலைவர். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘குருதிச் சிம்மாசனம்’, இத்தாலிய இயக்குநர் விஸ்கொன்தியின் ‘வெண்ணிற இரவுகள்’ போன்ற படங்கள் போட்டியிலே இருந்தன. அவற்றையெல்லாம் கடந்து பொற்சிங்கம் எனும் தலையாய விருது ‘அபராஜிதோ’வுக்குக் கிடைத்தது. இந்தியப் படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதற்றடவை. விழாவிலே செய்தியாளர் ஒருவர், இதனை மூன்று படங்களாக எடுக்கும் எண்ணம் உண்டா என்று கேட்க, முன்னர் தீர்மானித்திராத ரே தம்மையறியாமலே ஆம் என்று சொல்லிவிட்டார். 1958 இல் ‘பரஷ் பாத்தர்’, ‘ஜல்சாகர்’ என்ற வேறிரு படங்கள் வந்தன. அதன் பின்னரே 1959 இல் ‘அபுர் சன்சார்’ வந்து கதையை நிறைவு செய்தது.

வெளிநாட்டு விருது வந்ததும் உள்ளூர்க் கருத்து மாறிவிட்டது என்று இக்கதையைச் சுருக்கிச் சொல்வது எளிது. அதிலே ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், விருது ஒரு படத்தைக் காப்பாற்றலாமே தவிர அதனைப் புரியவைக்காது. நமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ அதே 1956 டிசெம்பரில் வெளியாகி, 1957 இல் கான் விழாப் போட்டியிலே கலந்துகொண்டது. அந்த மதிப்பு உள்ளூர்ப் படமாளிகைகளை நிரப்பவில்லை. அதன் இடம் பின்வந்த தலைமுறைகளின் பார்வையினாலேயே உறுதிப்பட்டது.

‘அபராஜிதோ’வுக்கும் அதுவே நிகழ்ந்தது. மூன்றாவது படம் வந்த பின்னர் இரண்டாவதன் இடம் தெளிவாயிற்று. குழந்தைப் பருவத்துக்கும் இல்லறத்துக்கும் இடையே அதுவே கீலாக நிற்கிறது. தாயை விட்டுப் புறப்பட்ட அந்த நடையைப் பார்த்தவருக்கே, ‘அபுர் சன்சார்’ முடிவிலே தான் கைவிட்ட மகனைத் தோளிலே சுமந்து செல்லும் அபுவின் பாரம் விளங்கும். ரேயின் சமகாலத்தவரும் அவருடன் பல விடயங்களிலே கருத்து மாறுபட்டவருமான இயக்குநர் மிருணாள் சென், ரேயின் படங்களுள் இதனையே மிக உயர்வாகப் பேசி வந்தார். போட்டியாளர் ஒருவரின் இந்தப் பாராட்டை எந்த விருதுக்கும் குறைந்ததாக நான் கருதவில்லை.

இவ்விடத்திலே வேறொரு தொடர்ச்சிப் படத்துடன் ஒப்பிடுதல் பயன் தரும். 1990 இல் வந்த அமெரிக்கப் படமான ‘கோட்ஃபாதர்’ மூன்றாம் பாகமும் இரசிகரை ஏமாற்றியதாகப் பேசப்பட்டது. முப்பதாண்டுகளின் பின், 2020 இல், இயக்குநர் கொப்போலா அதன் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றித் தொகுத்துப் புதிய பெயரிலே வெளியிட்டார். அங்கே மறுமதிப்பீட்டுக்காகப் படமே மாற்றப்பட்டது. ‘அபராஜிதோ’விலே ஒரு காட்சியும் மாற்றப்படவில்லை. மாறியவர்கள் பார்ப்பவர்கள்.

படச்சுருளுக்கே நேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். ரே 1992 இல் சிறப்பு ஒஸ்கார் விருது பெற்று, அதே ஆண்டு ஏப்ரல் 23 இல் காலமானார். அடுத்த ஆண்டு இலண்டனிலே திரைப்பட ஆய்வுகூடம் ஒன்றில் ஏற்பட்ட தீயிலே அபு படங்களின் மூலச்சுருள்கள் கருகின. எனினும், அந்தக் கருகிய சுருள்கள் வீசப்படாமல் அமெரிக்காவிலே பாதுகாக்கப்பட்டன. பல ஆண்டுகளின் பின்னர் இத்தாலியின் பொலொஞ்ஞா நகரிலே வல்லுநர்கள் அவற்றைப் பதப்படுத்திப் பிரித்தெடுத்தனர். முதற் படத்தில் ஏறத்தாழ 40 வீதமும், ‘அபராஜிதோ’வில் 60 வீதத்துக்கு மேலும் மூலச்சுருளிலிருந்தே மீட்கப்பட்டன. மூன்றாவதன் மூலச்சுருள் பயன்படவில்லை. அதற்குப் பிற பிரதிகளே உதவின. 2015 இல் மூன்றும் புத்தொளியுடன் மீண்டும் திரைக்கு வந்தன. உள்ளூரிலே கூட்டம் சேராத படமே தீயிலும் அதிகம் தப்பியது.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையிலே இப்படத்தில் என்னை மிகவும் நிறுத்துவது அதிபர் புத்தகம் கொடுக்கும் காட்சி. வங்கத்தின் ஒதுக்குப்புற மூலையிலே இருந்தாலும் மனம் ஒடுங்கியிருக்க வேண்டியதில்லை என்ற கருத்தைச் சொல்லி அவர் நூல்களைத் தருகிறார். பின்னர் ஒரு பூகோள உருண்டையும் அபுவின் கைக்கு வருகிறது. அவன் அதைத் தாயிடம் காட்டுகிறான். அவள் வாங்கிப் பார்க்கிறாள். அவளுடைய உலகத்தை விடப் பெரிய உலகம் அவளது உள்ளங்கையிலே இருக்கிறது. மகனை அவளிடமிருந்து பிரிக்கப்போவதும் அதுவே. அந்த அதிபர் நல்லவர், கடமையைச் செய்தவர். ஆனால், ஒரு பிள்ளைக்கு நாம் உலகத்தைக் கொடுக்கும்போது ஒரு வீட்டிலிருந்து அவனை எடுக்கவும் செய்கிறோம் என்பதை எந்தக் கல்வியியல் நூலும் எனக்கு இவ்வளவு துலக்கமாகச் சொன்னதில்லை.

கல்லூரிக் காட்சியொன்றிலே, இரவெல்லாம் அச்சகத்தில் உழைத்த அபு வகுப்பிலே உறங்கிவிடுகிறான். பேராசிரியர் அப்பொழுது கற்பிப்பது நமது ஆகுபெயரை ஒத்த ஓர் அணியிலக்கணம். விடை சொல்லத் தெரியாமல் வெளியேற்றப்படுகிறான். தாயின் கேள்விக்கும் உறக்கத்தினால் விடை சொல்லவில்லை. ஆசிரியரின் கேள்விக்கும் உறக்கத்தினாலேயே விடை சொல்லவில்லை. ஏழைப் பிள்ளை எதை நோக்கி ஓடுகிறானோ அதையும் முழுமையாக அடைய முடியாமல், எதை விட்டு வந்தானோ அதையும் காக்க முடியாமல் நடுவிலே களைத்துப் போகிறான். இதனை நன்றிகெட்ட மகனின் கதை என்று பார்த்தவர்கள் அந்தக் களைப்பைப் பார்க்கத் தவறினர்.

நம் சமூகத்துக்கு இது புதிய விடயமும் அன்று. ‘அபராஜிதோ’ திரைக்கு வந்த அதே 1956 ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான் கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டி அது. 1990 இல் யாழ்ப்பாணச் சேவை நின்று, 2014 இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்திலே பிள்ளைகள் போன தூரம் புகையிரதத்தால் எட்ட முடியாத தூரம். காசுக்கட்டளைக்குப் பதிலாகத் தொலைபேசி வந்தது. தாயின் மரணச்செய்தி கேட்டும் வர முடியாத மகன்மாரும் மகள்மாரும் நம்மிடையே எத்தனை பேர்! தாயின் சிதையருகே நின்று பாடிய பட்டினத்தாரை நாம் போற்றுகிறோம். துறவு பூண்ட பின்னரும் தாய்க்குரிய கடனை அவர் விடவில்லை என்பதே அந்தப் போற்றுதலின் காரணம். அந்த வாய்ப்பும் கிட்டாதவர்களுக்கு எந்த இலக்கியம் ஆறுதல் சொல்லும்? குற்றஞ்சாட்டாமலும், குற்றமே இல்லை என்று தட்டிக்கொடுக்காமலும் அவர்களைப் பார்க்கும் படைப்புக்களில் ஒன்றாக ‘அபராஜிதோ’வை நான் கருதுகிறேன்.

ஆகவே, ஒரு தொடர்ச்சிப் படைப்பை மதிப்பிடும்போது, முதலாவதை இது மீண்டும் தருகிறதா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். முதலாவதிலே வாழ்ந்த மனிதர்கள் இதிலே வளர்ந்திருக்கிறார்களா, காலம் அவர்களிடம் உண்மையாகவே நடந்திருக்கிறதா என்று கேட்போம். இந்தக் கேள்விகளுக்கு ‘அபராஜிதோ’ தரும் விடை உறுதியானது. குழந்தை அபுவை நேசித்தவர்கள் அவன் குழந்தையாகவே இருக்க வேண்டும் என்று விரும்பினர். சர்வஜயாவும் அதையேதான் விரும்பினாள். அந்த வகையிலே 1956 இல் ஏமாற்றமடைந்த இரசிகர்களின் மனநிலை அந்தத் தாயின் மனநிலைக்கு மிக நெருங்கியதே. அவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வாய்ப்புள்ள நேயர்கள் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாட்களிலே பார்ப்பார்களாயின், அந்த ஏமாற்றத்தையும் அதைக் கடந்து நிற்கும் படத்தையும் ஒருங்கே உணரலாம்.